வெள்ளைக்கார கொமடி நடிகரைக் கொழும்பிலிருந்து கோடம்பாக்கத்துக்குத் தயார்செய்வது எப்படி

கொழும்பில் ஆங்கில மேடைநாடகம், ஸ்டாண்ட் அப், பாடசாலை நாடகப் பயிற்சி என்று ஏதோவொன்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைக்கார நகைச்சுவை நடிகர் ஒருவர், 'தமிழ்ப் படத்தில் நடிக்க வேண்டும், பெயர் எடுக்க வேண்டும்' என்று உங்களிடம் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தமிழ் ஆசிரியராக, நாடகக்காரராக அல்லது அவருடைய நண்பராக இருக்கலாம். அவருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது, எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது, எங்கே கவனமாக இருப்பது என்பதற்கான வழிகாட்டி இது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே வழிதான்.

முதலில் ஒன்றை அவருக்கு ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். வெள்ளைத்தோலுக்கு இந்திய சினிமாவில் வேலை உண்டு, ஆனால் அதில் பெரும்பகுதி கூட்டத்தில் நிற்கிற வேலை. மும்பையில் கொலாபா பக்கம் தங்கும் சுற்றுலாப் பயணிகளை ஒருநாள் படப்பிடிப்புக்குக் கூட்டிப்போவது பல வருட வழக்கம். விருந்துக் காட்சியில் கிளாஸோடு நிற்பார்கள், மாலையில் காசு கையில் கிடைக்கும், அதோடு முடிந்தது. சென்னையிலும் வெள்ளைக்காரருக்கு வழமையாக வருவது ஆங்கிலேய அதிகாரி, கம்பனி முதலாளி, வழி கேட்கும் சுற்றுலாக்காரர், அரைகுறைத் தமிழ் பேசிச் சிரிக்கவைப்பவர் ஆகிய வேடங்களே. கடைசி வேடம்தான் கொமடி நடிகருக்குப் பொறி. உடைந்த தமிழுக்குச் சனம் ஒரு படத்தில் சிரிக்கும். அடுத்த படத்துக்கு அதே சிரிப்பை வேறொரு வெள்ளைக்காரரும் கொடுப்பார், ஏனென்றால் தமிழை உடைப்பதற்குத் திறமை தேவையில்லை. இரண்டாவது படமும் மூன்றாவது படமும் வேண்டுமென்றால் அவர் தமிழின் தாளத்தைப் பிடித்தாக வேண்டும்.

மொழி தெரியாமல் இங்கே சாதித்தவர் இல்லையா என்று அவர் கேட்கக்கூடும். எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் 1935இல் இந்தியா வந்து, தமிழ் தெரியாமலே 1950 வரை தமிழ்ப் படங்களை இயக்கினார். எம்.ஜி.ஆர் திரையில் முதலில் தோன்றிய 1936ஆம் ஆண்டுப் படம் அவர் இயக்கியதுதான். ஆனால் அவர் கமெராவுக்குப் பின்னால் நின்றவர். முன்னால் நின்று நிலைத்தவருக்கு உதாரணம் டொம் ஆல்ட்டர். அமெரிக்கப் பெற்றோருக்கு முசூரியில் பிறந்து, உருதுவைத் தாய்மொழிக்காரர் போலப் பேசி, 2017இல் மறையும்வரை ஹிந்திப் படங்களில் இருந்துகொண்டேயிருந்தார். கூட்டத்தில் நிறுத்தக்கூடிய முகம் அவருக்கும் இருந்தது. அவரைப் பேசும் பாத்திரங்களுக்குக் கொண்டுவந்தது அந்த நாக்குத்தான்.

தொடங்குமுன் ஒரு காதுப் பரீட்சை

பாடம் தொடங்குவதற்கு முன் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். தமிழ் வானொலி நாடகமொன்றிலிருந்து பத்து விநாடித் துண்டு ஒன்றை மூன்று முறை போட்டுக் காட்டுங்கள். பிறகு சொற்கள் இல்லாமல் 'ம்ம்' என்று அதன் ஏற்ற இறக்கத்தை மட்டும் முணுமுணுக்கச் சொல்லுங்கள். நீளமும் மேடுபள்ளமும் ஏறத்தாழ ஒத்துப்போனால் அவரைப் பயிற்றலாம். ஆங்கில இராகமே திரும்பத் திரும்ப வந்தால், இரண்டு வாரம் கேட்க மட்டும் விட்டுவிட்டுத் திரும்பப் பரீட்சியுங்கள். அப்போதும் வராவிட்டால், வசனமில்லாத உடல்மொழி வேடங்களைக் குறிவைப்பதுதான் நேர்மை.

கேட்பதற்கு நல்ல பொருள் நம் ஊரிலேயே இருந்தது. இலங்கை வானொலியின் 'கோமாளிகள் கும்மாளம்' அப்படிப்பட்டது. அதில் மரிக்கார் ராமதாஸ் முஸ்லிம் பேச்சுத்தமிழ், அப்புக்குட்டி ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழ், உபாலி செல்வசேகரன் சிங்களவர் பேசும் தமிழ் என்று ஆளுக்கொரு தமிழ். உபாலியின் தமிழ் பிறமொழிக்காரருடைய தமிழ்தான், ஆனால் அந்த வளைவு அளந்து வைத்த வளைவு. எந்த எழுத்து மாறும், எது மாறாது என்று அந்தப் பாத்திரத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. பிறமொழிக்காரர் வேடத்தில் சிரிப்பு வாங்குவதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

எந்தத் தமிழைச் சொல்லிக்கொடுப்பது

கொழும்பு ஆசிரியர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். வெள்ளவத்தையில் நாம் பேசும் தமிழை நம்மை அறியாமலே ஊட்டிவிடுவோம். அவர் சென்னையில் போய் 'ஓம், விளங்குது, கெதியா கதைப்பம்' என்றால், எதிரிலிருப்பவர் 'சிலோன்ல வளர்ந்தீங்களா?' என்று கேட்டுவிட்டு, இலங்கைத் தமிழர் கதை வந்தால் கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பிவிடுவார்.

ஆகவே முதல் நாளிலிருந்தே சென்னைப் பேச்சுவடிவத்தைக் கொடுங்கள். கதைக்கிறது இல்லை, பேசறது. ஓம் இல்லை, ஆமா. விளங்குது இல்லை, புரியுது. கெதியா இல்லை, சீக்கிரம். பேந்து இல்லை, அப்புறம். இருங்கோ இல்லை, உக்காருங்க. வடிவு இல்லை, அழகு. என்ன செய்யிறீங்கள் இல்லை, என்ன பண்றீங்க. 'நீர்' என்ற நடுத்தர மரியாதை அங்கே பேச்சில் இல்லை. நீ, நீங்க இரண்டுதான். அவற்றிலும் 'நீங்க'வை முதலில் பழக்குங்கள். படங்களைப் பார்த்து 'நீ', 'டா' முதலில் பழகியவர் செட்டில் லைட்மேனிலிருந்து தயாரிப்பாளர் வரை எல்லாரையும் 'நீ' என்பார், சிரித்துவிட்டுச் சும்மா விடுவார்கள், ஆனால் மனதில் வைத்துக்கொள்வார்கள்.

ஒலியிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. யாழ்ப்பாணப் பேச்சில் 'காற்று', 'நேற்று' என்பவற்றின் ற்ற, ஆங்கிலத்தின் ட்டுக்கு மிகக் கிட்ட. அது அவருக்கு உடனே வரும், உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். சென்னைப் பேச்சிலோ அது 'காத்து', 'நேத்து'. சுலபமாக வருகிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

நம் தமிழைத் தூக்கி எறியவும் வேண்டாம். ரொறன்ரோ, லண்டன் தமிழ்க் குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்ற மாதிரி வேடம் வந்தால், சரளமாக யாழ்ப்பாணத் தமிழ் பேசும் வெள்ளைக்காரர் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது. பத்தாவது வாரத்துக்குப் பிறகு தனிப் பாடமாகக் கொடுங்கள். இரண்டும் கலந்துபோனால் இரண்டுமே கெடும்.

நாக்குப் பயிற்சி

கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு 45 நிமிடம், 12 கிழமை. மொத்தம் 45 மணித்தியாலம். இதற்குக் குறைந்தால் பாட்டுப்போல ஒப்புவிப்பாரே தவிர, வசனம் மாறும்போது சமாளிக்கமாட்டார்.

ஆங்கில எழுத்தில் வசனம் எழுதிக்கொடுக்கும் பழக்கத்தை முற்றாகத் தவிருங்கள். ஆங்கில எழுத்தைக் கண்டதும் அவருடைய வாய் ஆங்கில ஒலிக்குப் போய்விடும். த, ட இரண்டுக்கும் ஒரே எழுத்து, ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து, குறிலுக்கும் நெடிலுக்கும் வித்தியாசமே தெரியாது. உயிர் 12, மெய் 18. இந்த முப்பதும் முதல் இரண்டு கிழமையில், உயிர்மெய்க் குறிகள் மூன்றாவது கிழமையில். எழுதத் தெரியவேண்டியதில்லை, வாசித்தால் போதும். செட்டில் காலையில் கையில் வைக்கும் வசனத்தாள், அதாவது சீன் பேப்பர், பெரும்பாலும் தமிழில்தான் இருக்கும்.

பெரும்பாலானோர் 'ழ'வில் தொடங்குவார்கள். அது வீண் சிரமம். தமிழர் பலரே பேச்சில் ழவை ளவாக்குகிறார்கள், யாரும் அதற்குச் சிரிப்பதில்லை. அவரைக் காட்டிக்கொடுப்பவை வேறு மூன்று.

ஒன்று, சொல் தொடக்கத்து மூச்சு. ஆங்கிலக்காரர் க, ட, ப மூன்றையும் சொல் முதலில் காற்றை ஊதிச் சொல்வார்கள். 'பால்' என்பது 'ப்ஹால்' ஆகும். உதட்டுக்கு நாலு விரற்கடை தள்ளி மெல்லிய டிஷ்யூத் தாளைப் பிடித்துச் சொல்லச் சொல்லுங்கள். தாள் ஆடக்கூடாது. ஆடினால் 'ஸ்பால்' என்று சொல்லவைத்து, பிறகு ஸ்ஸை மனதுக்குள் சொல்லி 'பால்' மட்டும் வெளியே வரச்செய்யுங்கள். ஸ் முன்னால் வந்தால் ஆங்கிலத்தில் அந்த ஊதல் தானாகவே அடங்கிவிடும். அதனால் இந்த வழி பலிக்கும்.

இரண்டு, இரட்டித்தல். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் மெய் பெரும்பாலும் இரட்டிக்காது, இரண்டு சொல் சேரும்போதுதான் வரும். 'ஹொட் டீ' என்று வேகமாகச் சேர்த்துச் சொல்லவைத்தால் நடுவில் வருவது நமது ட்ட்க்குக் கிட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு படு–பட்டு, எடு–எட்டு, குடை–குட்டை என்று ஜோடி ஜோடியாகக் கொடுங்கள். பட்டு என்பதில் நாக்கு ஒட்டி நிற்கும் நேரத்தை விரலால் மேசையில் தட்டிக் காட்டுங்கள்.

மூன்று, குறில் நெடில். அழுத்தமில்லாத குறிலை ஆங்கிலக்காரர் விழுங்கிவிடுவார், அழுத்தமுள்ளதை நீட்டிவிடுவார். முட்டை மூட்டையாகும், படம் பாடமாகும். கைதட்டிச் சொல்லிக்கொடுங்கள்: குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு. அழுத்தம் கொடுக்காமல் தட்டு மட்டும்.

இதில் அமெரிக்கருக்கு இரண்டு சலுகை உண்டு. அவர் 'வாட்டர்' என்று சாதாரணமாகச் சொல்லும்போது நடுவில் வரும் ஒலி நமது ர்தான், 'வரும்' என்பதற்கு அதையே எடுக்கச் சொல்லுங்கள். அவருடைய சொல்லிறுதி ஆர், ழவுக்கு மிகக் கிட்ட. லண்டன்காரருக்கு இவை இரண்டும் இல்லை, கூடுதலாக இரண்டு கிழமை வையுங்கள்.

சிரிப்பு வினைமுற்றில் இருக்கிறது

இந்தப் பகுதிக்குப் பன்னிரண்டு கிழமையில் ஐந்தைக் கொடுங்கள். அவருடைய எதிர்காலம் இதில்தான் தங்கியிருக்கிறது.

ஆங்கிலத்தில் வினை முன்னால் வந்துவிடும், பெயர்ச்சொல் கடைசியில் விழும். ஆங்கில நடிகர் கடைசிப் பெயருக்குமுன் நிறுத்தி, அதைப் போட்டுச் சிரிப்பை வாங்கப் பழகியவர். தமிழில் வினை கடைசி, அதற்கும் பின்னால் மறுப்பு. கடைசி அசை ஒன்று முழு வசனத்தையும் தலைகீழாகப் புரட்டிவிடும். இந்த வசனத்தைப் பாருங்கள்:

'உங்க பொண்ணை நான் காதலிக்கிறேன்னு யார் சொன்னா? கல்யாணமே பண்ணிட்டேன்.'

அவர் தன் பழக்கப்படி 'உங்க பொண்ணை' என்பதில் அழுத்துவார். அல்லது 'கல்யாணமே' என்று வெடித்துவிட்டு 'பண்ணிட்டேன்' என்பதைக் கீழே போட்டுவிடுவார். இரண்டிலும் சிரிப்பு வராது. 'கல்யாணமே' சாதாரணமாக வரவேண்டும். பிறகு ஒரு கண்சிமிட்டல் நேரம் நிறுத்தம். 'பண்ணிட்டேன்' குரல் இறங்காமல், ஒவ்வோர் அசையும் கேட்க வரவேண்டும். இவர் 'பண்ணிக்கலாமா' என்று கேட்கப்போகிறார் என்று எதிரிலிருப்பவர் எதிர்பார்க்கும் அந்த இடைவெளிதான் சிரிப்பின் வீடு.

இன்னொன்று: 'நாளைக்கு வருவேன்னு சொல்லலை.' ஆங்கிலக்காரர் வசனக் கடைசியில் குரலைத் தணித்து விழுங்குவார். 'லை' போய்விட்டால் என்ன சொன்னார் என்றே தெரியாது. மறுப்பு வசனங்களாகவே முப்பது எழுதி, ஒரு கிழமை அவற்றை மட்டும் சொல்லவையுங்கள். அறையின் மறுகோடியில் நீங்கள் முதுகைக் காட்டி நின்று கேளுங்கள். கடைசி அசை காதில் விழாவிட்டால் கையை உயர்த்துங்கள், அவர் முதலிலிருந்து சொல்லவேண்டும்.

அடுத்தது ஒட்டுச்சொற்கள். ஆங்கிலக் கிண்டல் குரலின் சாய்வில் இருக்கிறது, தமிழ்க் கிண்டல் ஒட்டில் இருக்கிறது. 'வந்தார்' என்பது செய்தி. 'வந்தாராம்' என்பதில் நம்பிக்கையில்லை. 'வந்தாராக்கும்' என்பதில் எள்ளல். 'வந்துட்டாருல்ல' என்றால் இனி என்ன செய்வது என்ற சலிப்பு. 'நீதான் பண்ணே', 'நீயே பண்ணே', 'நீயும் பண்ணே', 'நீயாவது பண்ணே' நாலும் நாலு முகம். ஒரே வினைச்சொல்லை எடுத்து, ஒட்டை மாற்றி மாற்றி, முகத்தையும் கூடவே மாற்றப் பழக்குங்கள். முகம் முந்திக்கொண்டால் தவறு. ஒட்டு வாயிலிருந்து விழும் கணத்தில்தான் முகம் மாறவேண்டும். நம் ஊர்த் 'தானே'யைச் சும்மா சும்மா சேர்க்கும் பழக்கம் மட்டும் தொற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடல்மொழியை எவ்வளவு வைத்துக்கொள்வது என்று கேட்பார். பழைய நகைச்சுவை நடிகர் ஜே.பி. சந்திரபாபுவைப் பார்க்கச் சொல்லுங்கள். தூத்துக்குடியில் பிறந்து, சிறுவயதைக் கொழும்பில் கழித்தவர். மேற்கத்திய நடனத்தையும், குரலை மேலும் கீழும் தாவவிட்டுப் பாடும் யோடலிங்கையும் தமிழ்ப் படத்துக்குள் கொண்டுவந்தவர். கால் மேற்கத்தியம், நாக்கு தமிழ். அந்தச் சேர்க்கை எப்படி ஒட்டுகிறது என்று ஒலியை அடைத்து ஒருமுறை, கண்ணை மூடி ஒருமுறை பார்த்தால் பிடிபடும்.

கவுண்டமணி–செந்தில் மாதிரி அடிப்பவரும் வாங்குபவரும் இருக்கும் ஜோடி அமைப்பையும் விளக்குங்கள். வெள்ளைக்கார நடிகர் தானே சிரிப்பூட்ட வேண்டும் என்று துள்ளுவார். ஆனால் அவருக்கு நல்ல இடம் பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான்: எதையும் நம்புபவர், எல்லாவற்றையும் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்பவர், கவுண்டர், அதாவது பதிலடி வசனம், விழும்போது அசையாமல் நிற்பவர். எடிட்டர் அடுத்த ஷாட்டாகப் போடுவது அந்த அசையாத முகத்தைத்தான். கவுண்டர் முடிந்தபின் மனதுக்குள் இரண்டு எண்ணும்வரை கண் மட்டும் அசையலாம் என்று பழக்குங்கள்.

சனம் எங்கே சிரிக்கிறது என்று அறிய, புதிய கொமடிப் படம் வந்த முதல் சனி ஞாயிறில் வெள்ளவத்தை சவோய்க்கோ தெஹிவளை கொன்கோர்டுக்கோ கூட்டிப்போங்கள். பக்கவாட்டு இருக்கையில் அமர்த்தி, திரையை விட்டுச் சனத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சிரிப்பு வசனத்தின் எந்த அசையில் தொடங்கியது என்று குறிப்பெடுக்கவேண்டும். மூன்று படம் போதும். வினைமுற்றில் என்று நீங்கள் சொன்னதை அவரே கண்டுபிடித்துக்கொள்வார்.

பிராம்ப்டிங்குக்குப் பழக்குவது

தமிழ்ப் படப்பிடிப்பில் உதவி இயக்குநர் கமெராவுக்குப் பின்னாலிருந்து வசனத்தை எடுத்துக்கொடுப்பது பரவலான வழக்கம். பின்னால் டப்பிங் செய்வதால் அந்தக் குரல் பதிவதைப் பற்றிக் கவலையில்லை. மேடையிலிருந்து வந்தவருக்கு இது பெரிய அதிர்ச்சி. மனப்பாடமாக வந்தவர், காதில் இன்னொரு குரல் விழுந்ததும் தடுமாறுவார். அல்லது கண் அந்தப் பக்கம் போய்விடும், அது குளோசப்பில் அப்பட்டமாகத் தெரியும்.

வீட்டிலேயே பழக்குங்கள். தொலைபேசியை முக்காலியில் வைத்து, நீங்கள் அதற்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்று, அவர் அறியாத வசனங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுங்கள். முதல் நாள் முழு வசனம், பிறகு பாதி, பிறகு முதற்சொல் மட்டும். கொமடிக்கு முழு பிராம்ப்டிங் கேடு, ஏனென்றால் எதிராளியின் கவுண்டருக்குப் பதில் கேட்டபிறகுதான் வரும், டைமிங் அரை விநாடி பிந்தும். ஆகவே 'சார், முதல் வார்த்தை மட்டும் குடுங்க, மீதி நான் பாத்துக்கறேன்' என்ற வசனத்தைத்தான் அவர் எல்லாவற்றுக்கும் முன்னால் சரளமாகச் சொல்லப் பழகவேண்டும்.

செல்ஃப் டேப்பும் படங்களும்

ஒடிஷனுக்கு அனுப்பும் காணொளி இரண்டு நிமிடத்தைத் தாண்டவேண்டாம். முதல் பதினைந்து விநாடி: பெயர், உயரம், தற்போது இருக்கும் ஊர், பேசும் மொழிகள். இதைத் தமிழில் சொல்லவேண்டும். பிறகு ஒரு தமிழ்க் காட்சி, ஒரு எதிர்வினைக் காட்சி. ஆங்கிலக் காட்சி கேட்டால் மட்டும். தொலைபேசியைக் குறுக்காகப் பிடித்து, லென்ஸ் கண்மட்டத்தில், நெஞ்சிலிருந்து மேலே. பின்னால் சாதாரணச் சுவர். எதிர்வசனம் சொல்பவர் லென்ஸுக்கு ஒட்டி நின்று, அவரைவிடத் தணிந்த குரலில் சொல்லவேண்டும்.

கொழும்பில் இதற்குப் பெரிய எதிரி சத்தம். காலி வீதியில் பஸ், கரையில் ரயில், எங்கும் காகம். கடற்கரைப் பக்க வீடானால் ரயில் நேரத்தைப் பார்த்து இடையில் எடுங்கள். காகம் அடங்கியபிறகு, இரவு எட்டு மணிக்குமேல், இரண்டு விளக்கை வெள்ளைத் துணியால் மறைத்து எடுப்பது சுலபம். மின்விசிறியை நிறுத்தவேண்டியிருக்கும், ஆகவே வியர்வை ஒற்றத் துணி பக்கத்திலிருக்கட்டும், ஒவ்வொரு டேக்குக்கும் முன் ஒற்றுங்கள். வெள்ளைத்தோலில் வியர்வையும் சிவப்பும் பளிச்சென்று தெரியும்.

படங்கள் நாலு போதும்: முகம், அரை, முழு, பக்கவாட்டு. தாடியுடன் ஒரு தொகுதி, மழித்து ஒரு தொகுதி. ஒன்றில் வேட்டி. மெருகேற்ற வேண்டாம். மேக்கப்மேன் வந்தவரைப் பார்த்து 'படத்துல வேற மாதிரி இருந்தாரே' என்றால் அன்றைக்கே அவருக்கு ஒதுக்கிய கால்ஷீட் (படப்பிடிப்பு நாள்) இன்னொருவருக்குப் போகலாம்.

விசா, ஒப்பந்தம், காசு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறோம், ஆனால் மீறினால் மற்ற எல்லாம் பாழ். சுற்றுலா விசாவில் இந்தியாவில் சம்பளத்துக்கு நடிக்க முடியாது. இலங்கையிலும் அப்படித்தான், இங்கே நடக்கும் இந்தியப் படப்பிடிப்பில் ஒருநாள் நிற்பதானாலும் தயாரிப்புத் தரப்பு அவருடைய அனுமதியைச் சரிசெய்திருக்கிறதா என்று கேளுங்கள். எந்த விசா என்பதைத் தயாரிப்பு நிறுவனத்தின் அழைப்புக் கடிதத்தோடு, பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே இந்திய விசா விண்ணப்ப நிலையத்தில் விசாரியுங்கள். இலங்கையில் வதிவிட விசா இல்லாதவர், இங்கிருந்து விண்ணப்பிக்கலாமா, சொந்த நாட்டுக்குப் போகவேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடவேண்டும்.

வாய்ப்புக்காக யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக்கூடாது. பதிவுக் கட்டணம், சங்க அட்டைக் கட்டணம், போட்டோஷூட் கட்டணம் என்று கேட்பவர், நடிகரைப் படத்துக்குச் சேர்த்துவிடும் உண்மையான கோஆர்டினேட்டர் அல்ல. படத்தின் பெயர், தயாரிப்பு நிறுவனம் இரண்டையும் கேட்டு, தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கத்தில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்று சரிபாருங்கள். கடவுச்சீட்டை 'ஆபீஸில் இருக்கட்டும்' என்று வாங்கிவைப்பவரிடம் பிரதி மட்டும் கொடுக்கவேண்டும்.

ஒப்பந்தத்தில் எழுதப்படவேண்டியவை: எத்தனை நாள் கால்ஷீட், அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எப்போது, பேட்டா (நாட்படி), தங்குமிடம், திரும்பும் பயணச்சீட்டு. தொகை வரிக்கு முன்னா பின்னா என்பது தனி வரியாக இருக்கட்டும், வெளிநாட்டு நடிகருக்கு மூலத்திலேயே வரி பிடிக்கப்படும், பான் (இந்திய வருமானவரி) இலக்கம் இல்லாவிட்டால் கூடுதலாகப் பிடிப்பார்கள். கையொப்பமிடும் முன் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள்.

இன்னொரு வரி பலர் மறப்பது: டப்பிங். ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் அவருடைய குரலுக்குப் பதில் டப்பிங் கலைஞர் ஒருவர் வெள்ளைக்காரத் தமிழைப் பேசிவிடுவார். உங்கள் நடிகர் ஐந்து கிழமை பாடுபட்டுப் பிடித்த நிறுத்தம், ஒட்டு எல்லாம் போய்விடும். 'முதலில் நடிகரைக் கொண்டே டப்பிங் பரிசோதனை' என்று எழுதிக் கேளுங்கள். புதியவருக்கு எப்போதும் கிடைக்காது, கேட்காமல் கிடைக்கவே கிடைக்காது. அந்தப் பரிசோதனைக்கு வீட்டிலேயே தயார்செய்யலாம்: அவர் பேசிய காணொளியைச் சத்தமில்லாமல் மூன்று விநாடித் துண்டுகளாகத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, திரையைப் பார்த்துப் பேசவையுங்கள். ப, ம இரண்டிலும் உதடு மூடியே ஆகவேண்டும், அவற்றை அடையாளமாக வைத்து நிறுத்தத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். மற்ற எழுத்துகள் சற்று முன்பின் ஆனாலும் கண்ணுக்குத் தெரியாது.

செட்டில்

பூஜைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பது, வலக்கையால் வாங்குவது, காலை நீட்டி யாரையும் நோக்கி உட்காராதது ஆகியவற்றைக் கொழும்பிலேயே பழகியிருப்பார். இயக்குநர் 'சார்', மூத்த நடிகை 'மேடம்' அல்லது 'அம்மா', யூனிட்டில் பெரியவர்கள் 'அண்ணே', இளையவர்கள் 'தம்பி'. யூனிட் ஆட்கள் அனைவருக்கும் காலையில் அவரே முந்திக்கொண்டு வணக்கம் சொல்லட்டும். லைட்மேன்தான் ஒத்திகையின் முதல் இரசிகர். அவர் சிரித்தால் இயக்குநர் திரும்பிப் பார்ப்பார்.

சொந்தமாக வசனம் சேர்க்கும் ஆசை ஸ்டாண்ட் அப் ஆட்களுக்கு அதிகம். டேக்கில் சேர்க்கவேண்டாம், எதிராளியின் டைமிங் உடையும். மொனிட்டர் ஒத்திகையில் ஒருமுறை சொல்லிக் காட்டலாம், பிடித்தால் அவர்களே வைத்துக்கொள்வார்கள்.

கொழும்புக்கும் சென்னைக்கும் நேரம் ஒன்றுதான். ஆகவே அவர் சென்னையிலிருக்கும் நாட்களில், அவர் செட்டுக்குப் போகும் காலை நேரத்தில் நீங்களும் கட்டாயம் விழித்திருக்கவேண்டும். சீன் பேப்பர் கைக்கு வந்ததும் படமெடுத்து உங்களுக்கு அனுப்புவார். ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு தடவை குரல்பதிவாக அனுப்புங்கள்: முதலாவது மெதுவாக, குறில் நெடில் தெளிவாக, இரண்டாவது நடிப்பு வேகத்தில். உங்கள் சொந்த நடிப்பை அதில் ஏற்றவேண்டாம், ஏற்றினால் உங்கள் நகலாகத்தான் அங்கே நிற்பார். நிறுத்தம் வரவேண்டிய இடத்தில் மட்டும் விரலால் மேசையில் ஒருமுறை தட்டுங்கள். வசனத்தைச் செட்டில் மாற்றிவிட்டார்கள் என்று இடைவேளையில் செய்தி வந்தால், முழுவதையும் திரும்பச் சொல்லிக்கொடுக்க நேரமிருக்காது. மாறிய வினைமுற்றை மட்டும் பதிந்து அனுப்புங்கள்.